ஒரு புள்ளி குறைவாக

ரஷ்த் நகரில் மழை விடாத அந்தக் குளிர்காலம்
ஹூஷ்மந்த் தைலமானியின் பதினாறு பக்கத்தை
ஈய எழுத்தில் கோத்தவன் நான், வாஹே.
அர்மீனியன். என் தாய்மொழியின் எழுத்துகளுக்குப்
புள்ளி கிடையாது.
இதைச் சாக்காகச் சொல்லவில்லை
(சாக்காகத்தான் சொல்கிறேன்).

அவர் அன்சாலித் துறைமுகத்தில்
மீன் எடை எழுதும் குமாஸ்தா.
கவிதை என்றால் என்ன என்பதை
எடைச்சீட்டுகளின் முதுகில் எழுதிக் கொண்டுவந்தார்.
தாளைத் திருப்பினால்
ஸ்டர்ஜன், நாற்பத்தொரு கிலோ, பெட்டை, சினை உண்டு.

அவர் சொன்னது, அல்லது எனக்குப் பிடிபட்டது, இவ்வளவு:
பொருள்கள் எல்லாம் தம்மை மறந்தே இருக்கின்றன.
கல் ஒருநாளும் தன்னைக் கல்லென்று கண்டதில்லை.
மழைக்குத் தெரியாது மழை பெய்வது.
மீனைத் தட்டில் கிடத்துகிறோம்.
முள் எகிறுகிறது, அலைகிறது, நடுங்குகிறது,
பிறகு ஓர் எண்ணில் நிற்கிறது.
நின்றுவிட்டால் அது அரசாங்கக் கணக்கு.
நடுங்கும்வரை
மீன் தன்னை நினைத்துக்கொண்டிருக்கிறது.
அந்த நடுக்கத்துக்கு ஒரு சாட்சி வேண்டும்.
சாட்சிக்குச் சம்பளம் கிடையாது.

ஆகவே முகப்பில் இரண்டே சொல்:
ஷேர், யாத்.
கவிதை, நினைவு.

முதலெழுத்தின் காலடியில் இரண்டு புள்ளி என்றால் யாத்.
ஒன்றே ஒன்று என்றால் பாத், காற்று.
பழைய அச்சைக் கலைத்த எவனோ
ஒன்றை எடுத்து இரண்டின் குழியில் போட்டிருக்கிறான்.
என் விரல் அதை எடுத்தது.
விரலுக்கு ஏது கண்?
முந்நூறு பிரதி.
கவிதை, காற்று.

வந்தார். அடித்திருந்தால்கூடத் தேவலை.
நனைந்த கோட்டைக் கழற்றாமல் நின்று
"முப்பது வருஷம்" என்றார்.
"முப்பது வருஷம் யோசித்துவிட்டு
காற்று என்றா எழுதுவேன்?
காற்று என்று எவனும் எழுதுவான்."

பேனாவால் புள்ளி வைத்தேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு புள்ளி, இரண்டு ராத்திரி.
மீதி எண்பத்தெட்டு
ஏற்கெனவே பஸ் ஏறி லாஹிஜானுக்கும் ஃபூமனுக்கும்
காற்றாகவே போய்ச் சேர்ந்திருந்தன.

லாஹிஜானிலிருந்து கடிதம் வந்தது.
தேயிலை ஆலையில் இலை தரம்பிரிக்கும் மஹ்லகா என்பவள்.
"ஐயா, உங்கள் முகப்பை வாசித்தேன்: கவிதை ஆகுக.
அது என்னவென்று சொல்லாமல்
இருக்கட்டும் என்று மட்டும் வேண்டியிருக்கிறீர்கள்.
அதோடு நிறுத்தியிருக்கலாம்.
உள்ளே இருக்கும் பதினைந்து பக்கமும் வீண்."

எனக்கும் உறைக்கவில்லை அதுவரை.
பாத் என்றால் காற்று, பாத் என்றால் ஆகுக.
வாரம் தவறாமல் அரசாங்க நோட்டீசில்
"வாழ்க" என்று நானே கோத்த சொல்தான்.

நின்றபடியே படித்தார்.
மடித்த மடிப்பிலேயே திரும்ப மடித்து
எடைப்புத்தகத்துக்குள் செருகினார்.
"கையெழுத்து நன்றாக இருக்கிறது" என்றார், அவ்வளவுதான்.

வசந்தத்தில் இரண்டாம் பதிப்பு.
புதிய சீட்டு. பின்புறம் கெண்டை, மூன்று கிலோ.
முகப்பில் கவிதை என்ற சொல்,
அடுத்து, காலடியில் ஒன்றுமே இல்லாத ஓர் எழுத்து.
"புள்ளியை மறந்துவிட்டீர்கள்."
"இல்லை."
"அப்படியொரு எழுத்து என் பெட்டியில் கிடையாது."
"எனக்குத் தெரியும்" என்று குடையை எடுத்துக்கொண்டார்.

கை போன குழியிலிருந்து ஒன்றை எடுத்தேன்.
பிடியில் இறுக்கி
அரத்தால் மெல்ல, மிக மெல்ல, உரசினேன்.
எள்ளில் பாதிகூட இல்லை ஒரு புள்ளி,
ஆனாலும் ஈயம் ஈயம்தானே,
நகக்கண்ணில் ஏறிக்கொண்டது.

இரவு சாப்பிடும்போது அனூஷ் கேட்டாள்,
கை ஏன் இப்படிக் கறுத்திருக்கிறது?
புள்ளி, என்றேன்.
எத்தனை? என்றாள் சிரித்துக்கொண்டு.

ரொட்டியைப் பிய்க்காமல் உட்கார்ந்திருந்தேன்.
உரசும் முன்
ஒன்றா இரண்டா என்று
நான் பார்க்கவில்லை.